தோட்டாப் பை சேகரிக்கத் தொடங்குகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

1948 ஜூன் 16-ஆம் தேதி மலாயாவின் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் மூன்று துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகுதான் டாரூராட், அதாவது அவசரகாலம். தோட்டம் காக்க வந்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களில் சிலர் தோளில் ஸ்டென் துப்பாக்கி தொங்கியது. துப்பாக்கி அரசாங்கத்திடம் திரும்பிப் போய்விட்டது. தோட்டா வைத்த துணிப் பைகளில் சில தொழிலாளர் லயத்து வீடுகளிலேயே தங்கிவிட்டன. நாம் தேடப்போவது அந்தத் துணியைத்தான்.

ஏன் துணி மட்டும்? பைக்குள் இருந்த மேகசின், அதாவது தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கியில் மாட்டும் கூடு, துப்பாக்கியின் பாகம். மலேசியாவின் 1960 ஆயுதச் சட்டம் பாகங்களையும் விடாது. வாங்கிய பைக்குள் மேகசினோ தோட்டாவோ இருந்தால் தொடாமல் போலீசுக்குப் போன் செய்யுங்கள். இதில் விளையாட்டு வேண்டாம்.

அடுத்து, எந்தத் துப்பாக்கியின் பை என்று பாருங்கள். ஸ்டென் மேகசின் நேரானது, ஒல்லி, 32 தோட்டா பிடிக்கும். ஏழு அறைகளோடு தோளில் மாட்டும் நீளப் பட்டை கிடைத்தால் அது ஸ்டென்னுக்குரியது. தாம்சன் துப்பாக்கியின் 20 தோட்டா மேகசினுக்கு ஐந்து அறைப் பை உண்டு. ஸ்டெர்லிங் துப்பாக்கியின் மேகசின் வளைந்தது, 34 தோட்டா. ஆஸ்திரேலியர்களின் ஓவன் துப்பாக்கியில் மேகசின் மேலே நிற்கும். புதியவர்கள் ஸ்டென்னில் தொடங்குவதே நல்லது என்பேன்.

சரி, பை கையில் வந்தாயிற்று. மூடியைத் திறந்து உட்பக்கத்தை வெளிச்சத்தில் காட்டுங்கள். பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்து என்பதைக் காட்டும் அகன்ற அம்புக்குறி, தயாரித்தவர் பெயர், ஆண்டு என்று மை முத்திரை மங்கலாகத் தெரியும். மில்ஸ் நிறுவனத்துப் பையில் 'எம்.இ.கோ.' என்றிருக்கும். பித்தளை முனைகளில் பச்சை பூத்திருந்தால் பயப்படாதீர்கள், மெல்லிய துணியால் துடைத்தால் போதும். பிறகு புறஊதா டார்ச் அடியுங்கள். தையல் நூல் நீலமாகப் பளிச்சிட்டால் பெரும்பாலும் புது நூல். ஆனால் சோப்புப் பொடியில் துவைத்த பழைய துணியும் அப்படித்தான் மின்னும், ஆகவே இதை மட்டும் நம்பித் தீர்ப்பு சொல்லாதீர்கள்.

துவைப்பது என்றதும் வயிறு எரிகிறது. என் முதல் பையை, பூசணம் மணக்கிறதே என்று, வாளியில் ஊறப்போட்டேன். தண்ணீர் பச்சையானது. பட்டாளத்தில் துணிக்குப் பூசிய பிளாங்கோ என்ற நிறப்பூச்சு போயிற்று, முத்திரையும் கூடவே போயிற்று. ஐந்து வெள்ளிக்கு வாங்கியது என்று சொல்லிச் சமாதானம் ஆகிக்கொண்டேன். இப்போதெல்லாம் நிழலில் காயவைத்து, மென்மையான பிரஷ்ஷால் தட்டுவதோடு சரி. நம் ஊர் ஈரத்துக்கு டப்பாவில் சிலிகா பொட்டலமும் போட்டுவிடுங்கள். பை சப்பையாகாமல் இருக்க மேகசின் அளவில் அறுத்த மரக்கட்டையை உள்ளே வைக்கலாம்.

அப்புறம், விற்றவரிடம் கதை கேட்டு ஓர் அட்டையில் எழுதி வையுங்கள். என்னிடம் உள்ள ஒரு பையில், அதைக் கொடுத்த ஐயா முப்பது வருடம் பால்வெட்டுக் கத்தியும் சாணைக்கல்லும் வைத்திருந்தாராம். அடியில் ரப்பர் ஒட்டுப்பால் காய்ந்து கறுத்துக் கிடக்கிறது. அதை நான் சுரண்டவில்லை.