பேக்கேஜ் டூரில் கஸ்டமருக்கு சீட்டை உயர்த்தித் தரப் போகிற புது ஏஜென்டுகளுக்கு

போன வாரம் கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கடைக்கு வந்தான். டிராவல்ஸ் ஆரம்பித்து எட்டு மாதம்தான் ஆகிறது. கடை கிடையாது, வாட்ஸ்அப்தான் ஆபீஸ். "அண்ணே, சிங்கப்பூர் குரூப்புல போற ஒரு பார்ட்டிக்கு பிசினஸ் கிளாஸ் வாங்கிக் குடுத்துட்டேன்ணே" என்று போனை நீட்டினான். முகத்தில் அப்படி ஒரு பெருமை. குரூப் டிக்கெட், பிசினஸ் டிக்கெட் இரண்டையும் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2014இல் நான் செய்த அதே வேலை, அச்சு பிசகாமல்.

பழைய வண்ணாரப்பேட்டையில் 2009லிருந்து டிக்கெட் போடுகிறேன். பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரை அடி, செல்லுபடி ஆறு மாதம் இருக்கிறதா பார் என்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சீட்டு வேறு, கிளாஸ் வேறு

"கொஞ்சம் நல்ல சீட்டா போட்டுக் குடுப்பா" என்று எம்.சி. ரோடு ஜவுளிக்கடைக்காரர் கேட்டால், அவர் மனசில் என்ன இருக்கிறது என்று கேட்காமல் விலை சொல்லாதீர்கள். கால் நீட்ட இடமா, ஜன்னலா, குடும்பம் ஒன்றாக உட்காருவதா, நிஜமாகவே பிசினஸ் கிளாஸா? நான்குக்கும் விலை வேறு, வழி வேறு.

புதிதாக வருகிறவர்கள் யோசிக்காமல் நீட்டுவது எமர்ஜென்சி எக்ஸிட் வரிசையை. கால் வைக்க இடம் தாராளம், உண்மைதான். ஆனால் அவசரத்தில் கதவைத் திறந்து உதவக்கூடியவர்களை மட்டுமே அங்கே உட்காரவிடுவார்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், வீல்சேர் கேட்டவர்கள் யாரும் உட்கார முடியாது. கால் நீட்ட இடம் கேட்பவர்களில் பாதிப் பேர் முட்டி வலிக்காரர்கள், வீல்சேரும் சேர்த்தே கேட்டிருப்பார்கள். ஏர்போர்ட்டில் எழுப்பி வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். இன்னொன்று: ஏ320 மாதிரி விமானத்தில் எக்ஸிட் வரிசை இரண்டு அடுத்தடுத்து இருந்தால், முன்வரிசையின் முதுகு பொதுவாகச் சாயாது.

முதல் வரிசையிலும் வில்லங்கம் உண்டு. சாப்பாட்டுத் தட்டு வைக்கும் பலகை கைப்பிடிக்குள் இருப்பதால் சீட்டின் அகலம் கொஞ்சம் குறையும். கைப்பை காலடியில் வைக்க முடியாது, மேலே போய்விடும். பெரிய விமானங்களில் தொட்டில் மாட்டுவதும் அங்கேதான். முட்டி வலிக்கு நடைவழி ஓர சீட்டே பெரும்பாலும் போதும்.

போக மட்டும் தனி டிக்கெட் வாங்கிக் கொடுப்பது

தம்பி செய்தது இதைத்தான். நான் செய்ததும் இதைத்தான். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காலடிப்பேட்டையிலிருந்து ஒரு பெரியவரும் பெரியம்மாவும். அவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். மொத்தம் 22 பேர் குரூப், சிங்கப்பூர், ஐந்து இரவு. டிக்கெட் எல்லாம் அடித்து முடித்த பிறகு மகன் வந்தார். "அப்பாவால ராத்திரி முழுக்க உக்காந்து வர முடியாதுங்க. போகும்போது மட்டும் பிசினஸ்ல போட்டுடுங்க, எவ்ளோ ஆனாலும் பரவால்ல." பேக்கேஜ் போட்டு எங்களை மாதிரி சின்ன ஏஜென்டுகளுக்கு விற்கிற மொத்த ஏஜென்டைக் கேட்டேன். குரூப் கட்டணம், உயர்த்த முடியாது என்றார்கள். குரூப் கட்டணத்தின் இயல்பே அதுதான். பத்துப் பேரோ அதற்கு மேலோ சேர்த்து எடுப்பதால் மலிவாகக் கொடுப்பார்கள், அதற்கு விலையாக மாற்றம், உயர்வு, மைல் பாயின்ட் எல்லாவற்றையும் முடக்கி வைத்திருப்பார்கள்.

எனக்கு மூளை வேலை செய்தது. அதே விமானத்தில் இரண்டு பிசினஸ் டிக்கெட், போக மட்டும், தனியாக வாங்கினேன். குரூப் டிக்கெட்டில் போகிற பாதி வீணாகப் போகட்டும், வருகிற பாதி இருக்கிறதே என்று கணக்கு. மகன் கைகுலுக்கி, ஸ்வீட் பாக்ஸ் வேறு கொடுத்துவிட்டுப் போனார்.

திரும்புகிற நாள் இரவு சாங்கி விமான நிலையத்திலிருந்து கைடு போன் செய்தார். மற்ற 20 பேருக்கும் போர்டிங் பாஸ் வந்துவிட்டது. இவர்கள் இருவருக்கும் புக்கிங்கே இல்லை.

காரணம் இது. ஒரு டிக்கெட் எண்ணுக்குள் கூப்பன்கள் வரிசையாக இருக்கும். முதல் கூப்பன் போவது, இரண்டாவது வருவது. வரிசைப்படிதான் பயன்படுத்த வேண்டும். முதல் கூப்பனில் ஆள் ஏறவில்லை என்றால் ‘நோ ஷோ’ விழும், பின்னாலிருக்கும் பயணம் தானாகவே ரத்தாகிவிடும். அதே ஆள், அதே பாஸ்போர்ட், அதே விமானத்தில் பத்து வரிசை முன்னால் உட்கார்ந்து போயிருக்கிறார் என்பதெல்லாம் சிஸ்டத்துக்குத் தெரியாது. அதற்கு அவர் வேறு டிக்கெட்டில் போன வேறு பயணி.

என் கார்டைத் தேய்த்து மறுநாள் காலை விமானத்துக்கு இரண்டு டிக்கெட் எடுத்தேன். 46,000 ரூபாய். அந்த மாதம் கடை வாடகையை நண்பனிடம் வாங்கித்தான் கட்டினேன். மொத்த ஏஜென்ட், "எங்களைக் கேக்காம நீங்க ஏன் செஞ்சீங்க?" என்றார். விமான நிறுவனம், "விதியில இருக்கு சார்" என்றது. இரண்டு பேர் சொன்னதும் சரி. எரிச்சலே அதில்தான், யாரையும் திட்டக்கூட முடியவில்லை. ஊர் திரும்பிய பெரியவர் ஒன்றுமே சொல்லவில்லை. பெரியம்மாதான், "கால நீட்டிப் படுக்கணும்னு கேட்டோம். ஏர்போர்ட்டு பெஞ்சில படுக்க வச்சிட்டியேப்பா" என்றார்.

அப்படியானால் எப்படிச் செய்வது? பெயர்ப் பட்டியல் கொடுக்கும் முன்பே மொத்த ஏஜென்டிடம் ‘லேண்ட் ஒன்லி’ விலை கேளுங்கள். ஹோட்டல், பஸ், சுற்றிப்பார்ப்பது மட்டும் அவர்களிடம். விமானம் போக, வர இரண்டும் நீங்கள் தனியாக எடுப்பது. இதிலும் இரண்டு கண்ணி உண்டு. 11 பேர் குரூப்பிலிருந்து இரண்டு பேரை உருவினால் குரூப் பத்துக்குக் கீழே இறங்கும், மீதிப் பேரின் கட்டணமே ஆட்டம் காணும். அடுத்தது பஸ். குரூப் இறங்குகிற நேரத்துக்கு அழைத்துப்போகத்தான் பஸ் வரும். நீங்கள் வேறு விமானம் எடுத்தால் முன்னால் இறங்குகிற மாதிரி எடுங்கள். பின்னால் இறங்கினால் டாக்சிக் காசு உங்கள் தலையில்.

டிக்கெட் அடித்தாகிவிட்டது என்றால், அடித்தவரிடம் மட்டுமே பேசுங்கள். விமான நிறுவனத்தின் கால் சென்டரைக் கூப்பிட்டால் "உங்க ஏஜென்டைப் பாருங்க" என்பார்கள். ஏஜென்டே நீங்கள்தான் என்று அவர்களிடம் சொல்லிப் பயனில்லை. உங்களுக்கு மேலே ஒருவர் இருக்கிறார், டிக்கெட் அவர் பெயரில் வெளியாகியிருக்கிறது. வரும் கூப்பனைக் காப்பாற்றித் தருகிறோம் என்று அவர் சொன்னால் மெயிலில் வாங்குங்கள். போனில் சொன்னது சாங்கி கவுன்டரில் செல்லாது.

திரும்பி வர மட்டும் தனி டிக்கெட் என்றால் கதை வேறு. அதற்குப் பின்னால் கூப்பன் இல்லை, அதனால் உடைவதற்கு ஒன்றுமில்லை. குரூப் டிக்கெட்டின் பாதிக் காசு வீண், அவ்வளவுதான். கைடுக்கு மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பெட்டி ஒரு டிக்கெட்டிலும் ஆள் ஒரு டிக்கெட்டிலும் போய் நிற்கும்.

தம்பிக்கு நேரம் இருந்தது, கிளம்ப இன்னும் ஒன்பது நாள். பிசினஸ் டிக்கெட்டை ரத்து செய்தோம். 14,000 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். டீ சொன்னேன், குடிக்காமலேயே போய்விட்டான்.

ஏலத்தை நம்பி வாக்குக் கொடுப்பது

மலேசியா ஏர்லைன்ஸ், ஸ்ரீலங்கன் போன்றவை பிசினஸில் காலியிருக்கும் சீட்டுக்கு ஏலம் கேட்கவிடுகின்றன. குரூப் புக்கிங்கை பெரும்பாலும் அந்தப் பக்கமே உள்ளே விடாது. தனி புக்கிங்காக இருந்தாலும் ஒரு பிஎன்ஆரில், அதாவது ஒரே புக்கிங் எண்ணில், நான்கு பேர் இருந்தால் நான்கு பேருக்கும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். அப்பா அம்மாவுக்கு மட்டும் கேட்க முடியாது. வேண்டுமென்றால் புக்கிங் செய்யும்போதே இரண்டு பிஎன்ஆராகப் போடுங்கள். கஸ்டமரிடம் "கெடைச்சா பாக்கலாம்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாதீர்கள்.

வரியை மறப்பது

எகானமிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். பிசினஸுக்கு 12 ஆக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18. கட்டண வித்தியாசத்தை வரியில்லாமல் வாயால் சொல்லிவிட்டு வரியைப் பிறகு பில்லில் ஏற்றினால், காசிமேட்டு ஏலத்தில் தினம் நிற்கிற மீன் வியாபாரியிடம் உங்களால் ஜெயிக்க முடியாது.

இஎம்டி எண்ணை வாங்கி வைக்காதது

சீட்டுக்குக் கட்டிய காசுக்கு இஎம்டி என்று தனி ரசீது எண் உண்டு, டிக்கெட் எண் மாதிரியே 13 இலக்கம். விமான நேரம் மாறி டிக்கெட்டைத் திரும்ப அடித்தால் சீட்டு கழன்று விழும். எண் கையில் இருந்தால் திரும்ப ஒட்ட வைக்கலாம். இல்லையென்றால் கட்டினோம் என்று கெஞ்ச வேண்டியதுதான்.

நாலு மணி நேரத்துக்குப் படுக்கை

சென்னையிலிருந்து சிங்கப்பூர் நாலு, நாலரை மணி நேரம். ஏறி, சாப்பிட்டு, கண்ணை மூடினால் இறங்கச் சொல்வார்கள். கஸ்டமர் கேட்டால் போடுங்கள், நீங்களாக எடுத்துக் கொடுக்காதீர்கள்.

கீழே இறக்கிவிட்டால் சும்மா வருவது

காசு கட்டிய கிளாஸில் இடமில்லை என்று எகானமியில் உட்கார வைத்தால் பணம் திரும்பக் கேட்கலாம். விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ 2023 பிப்ரவரி 15 முதல் கொண்டுவந்த விதி. உள்நாட்டில் வரியோடு சேர்த்து டிக்கெட் விலையில் 75 சதவீதம். வெளிநாட்டுக்கு 1500 கி.மீ. வரை 30, 3500 வரை 50, அதற்கு மேல் 75. கிளாஸ் மாறிய போர்டிங் பாஸைக் கிழித்துப் போடாமல் கொண்டுவரச் சொல்லுங்கள்.

கோட்டு, டை போட்டுப் போனால் சும்மா உயர்த்துவார்கள் என்று நம்புவது

மீனம்பாக்கத்தில் வியர்க்கும்.