‘குடும்பம்’: எந்த இடத்தில் எந்தச் சொல்?

வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் “ஃபேமிலியா, பேச்சிலரா?” என்பார்கள். ரேஷன் கடையில் “கார்டுல எத்தனை பேர்?” என்பார்கள். கல்யாணத்துக்கு அழைக்க வந்தவர் “குடும்பத்தோட வந்துடணும்” என்பார். மூன்று இடத்திலும் பேச்சு குடும்பத்தைப் பற்றித்தான், ஆனால் தலைக்கணக்கு மூன்று விதம். தமிழில் புதிதாக எழுதவோ பேசவோ பழகுபவர்கள் இடறுவது இங்கேதான்.

படி 1: யாரையெல்லாம் சேர்க்கிறீர்கள்?

எழுதுவதற்கு முன் இதைத் தீர்மானியுங்கள். தமிழ்நாட்டுக் குடும்ப அட்டையில், மணமாகிப் போன மகளின் பெயரைப் பிறந்த வீட்டு அட்டையிலிருந்து நீக்கிய பிறகுதான் கணவர் வீட்டு அட்டையில் சேர்க்க முடியும். அதே மகள், அப்பா இறந்தபின் வாங்கும் வாரிசுச் சான்றிதழில் கட்டாயம் இடம்பெற வேண்டும். அட்டையைப் பார்த்து வாரிசு மனுவை நிரப்பினால் பெயர் விடுபட்டு, மனு திரும்பி வரும்.

ஒரே வீட்டில் இருப்பவர்கள் என்றால் ‘குடும்பத்தினர்’ அல்லது ‘வீட்டார்’. தந்தைவழி ஆண்மக்கள் கிளை என்றால் ‘பங்காளிகள்’. பெண் கொடுத்தவர்களும் எடுத்தவர்களும் ஒருவருக்கொருவர் ‘சம்பந்தி’. எல்லாரையும் சேர்த்துச் சொல்ல ‘சொந்தபந்தம்’. எழுத்தில் ‘சுற்றம்’, ‘உறவினர்’. பங்காளியையும் மாமன் மச்சானையும் ‘குடும்பம்’ என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட்டால், யாருக்குத் தீட்டு, யார் சீர் கொண்டுவர வேண்டும் என்பது கேட்பவருக்குப் புரியாது.

படி 2: எங்களா, நம்மா?

‘என் குடும்பம்’ பிழையில்லை. ஆனால் பேச்சில் இயல்பாக வருவது ‘எங்க குடும்பம்’, ‘எங்க வீடு’, ‘எங்க அம்மா’. ‘நம்ம குடும்பம்’ என்றால் கேட்பவரும் அதில் ஒருவர். பெண் பார்க்க வந்தவர்களிடம் “நம்ம குடும்பத்துல இந்தப் பழக்கம் இல்லை” என்று வாய் தவறினால் சம்பந்தம் நிச்சயமாகிவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

படி 3: ‘வீடு’ என்ற சொல்லைக் கவனியுங்கள்

“எங்க வீட்ல ஊருக்குப் போயிருக்காங்க” என்று ஓர் ஆண் சொன்னால் மனைவியைச் சொல்கிறார். ‘சம்சாரம்’ என்பதும் பேச்சில் மனைவிதான். கரிசல் பக்கம் ‘சம்சாரி’ என்றால் விவசாயி. ‘வீட்டுக்காரர்’ கணவராகவும் இருக்கலாம், வீட்டு உரிமையாளராகவும் இருக்கலாம். இந்தக் குழப்பத்துக்கு நகரங்களில் ‘ஹவுஸ் ஓனர்’ முடிவு கட்டிவிட்டது.

‘குடித்தனம்’ வேறு. “மாடியில் ஒரு குடித்தனம் இருக்கு” என்றால் வாடகைக்கு இருக்கும் ஒரு குடும்பம். ‘தனிக்குடித்தனம்’ என்றால் மாமனார் வீட்டிலிருந்து பிரிந்து வைத்த அடுப்பு. இதில் உள்ள ‘குடி’ பழைய சொல். அது குடும்பம், குலம், ஊர் மக்கள் என்று பல பொருள் தரும். “இப்ப என்ன குடி முழுகிப் போச்சு?” என்பதிலும் அதே குடிதான், மதுவோடு சம்பந்தமில்லை. ‘குடும்பம்’ என்ற சொல்லும் புதிதல்ல, 1029ஆம் குறளிலேயே இருக்கிறது. சோழர் கால உத்திரமேரூர்க் கல்வெட்டில் வரும் ‘குடும்பு’ மட்டும் வேறு: ஊரைப் பிரித்த 30 வார்டுகளுக்கு அந்தப் பெயர்.

படி 4: ஒற்றுப் பாருங்கள்

பின்னால் இன்னொரு சொல் சேரும்போது ‘ம்’ போய்விடும். அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால் அந்த எழுத்தின் ஒற்று வரும்: குடும்பக் கட்டுப்பாடு, குடும்பச் சொத்து, குடும்பத் தலைவி, குடும்பப் பெயர். மற்ற எழுத்துகளுக்கு ஒற்று வேண்டாம்: குடும்ப அட்டை, குடும்ப நலம், குடும்ப விழா. விண்ணப்பங்களில் ‘குடும்ப தலைவர்’ என்று அச்சாகியிருப்பதைப் பார்த்து நீங்களும் அப்படியே எழுதாதீர்கள்.

வேற்றுமை உருபு சேர்ந்தால் நடுவில் ‘அத்து’ வரும்: குடும்பத்தை, குடும்பத்தில், குடும்பத்துக்கு. ‘குடும்பத்திற்கு’ என்றும் எழுதலாம், ஆனால் ‘குடும்பத்திற்க்கு’ தவறு. ‘ற்’ முன்னால் இருக்கும்போது இன்னொரு ‘க்’ ஒட்டாது.

படி 5: அழைப்பிதழில் எழுதுவது

‘சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து’ என்பது சொந்தபந்தம், சிநேகிதர்கள் என்று எல்லாரையும் கூப்பிடுவது. சாப்பாட்டு இலைக் கணக்கு முக்கியம் என்றால் ‘குடும்பத்துடன்’ என்று நிறுத்திக்கொள்ளுங்கள். உறையின் மேல் பெயரை மட்டும் எழுதினால் அந்த ஒருவருக்குத்தான் அழைப்பு என்று பெரியவர்கள் எடுத்துக்கொள்வார்கள். பெயருக்குப் பின்னால் ‘மற்றும் குடும்பத்தினர்’ சேருங்கள். பத்திரிகையைக் கையில் கொடுக்கும்போது, வாசலுக்கு வராத பாட்டியையும் உள்ளே தேடிப்போய் வாயால் ஒருமுறை அழைத்துவிடுங்கள்.