ஃபெலோஷிப்புக்கு போடுற தங்கச்சிமார் விடுற பிழைகள்

வந்தாறுமூலை கெம்பஸ்லயும் ஒலுவில் கெம்பஸ்லயும் படிச்சு முடிச்ச புள்ளைகள் வெளிநாட்டில படிக்க பிரித்தானிய அரசாங்கத்துட செவனிங், அமெரிக்காட ஃபுல்பிரைட் எண்டு அப்ளை பண்ணுறாங்க, அவங்கட ஃபோர்ம்கள பார்த்துக் குடுக்கிறதால சொல்றன், கெட்டித்தனத்தில ஒரு குறையும் இல்ல, எழுதுறதிலதான் விட்டுடுறாங்க.

பெரிய பிழை, செஞ்ச வேலைய மறைக்கிறது. களுவாஞ்சிக்குடிப் பக்கத்துத் தங்கச்சி ஒராள் கட்டுரை கொண்டு வந்தா. "எமது சமூகத்திற்குப் பல சேவைகள் ஆற்றியுள்ளோம்" எண்டு கிடக்கு. ஆர் புள்ள செஞ்சது எண்டு கேட்டா பேச்சில்ல. மறுகா கிண்டிக் கிண்டிக் கேட்கத்தான் வருது, கொரோனா நேரம் 40 வீட்டுப் பொம்பளைகள சேர்த்து பிடியரிசி எடுத்து, ஜிஎஸ்ஸோட (கிராம சேவகர்) கதைச்சு லிஸ்ட் போட்டு, மூணு மாசம் இல்லாத வீடுகளுக்கு சாமான் குடுத்திருக்கா. அத எழுதுங்க எண்டன். "பெருமை அடிக்கிற மாதிரி இருக்கும் அக்கா" எண்டா. அடங்கி இருக்கச் சொல்லியே நம்மள வளர்த்திட்டாங்க, ஆனா செவனிங் கேட்கிறதே தலைமைத்துவம், "நாங்க" எண்டே எழுதிக்கொண்டு போனா நீங்க என்ன செஞ்சீங்க எண்டு வாசிக்கிற ஆளுக்கு எப்பிடி விளங்கும்?

"எனக்கு உத்தியோகம் இல்லையே" எண்டு ஃபோர்மையே மூடிவைக்கிறதும் பிழைதான். செவனிங்குக்கு 2,800 மணித்தியால அனுபவம் வேணும், கிட்டத்தட்ட ரெண்டு வருசம், ஆனா சம்பளமில்லாத தொண்டு வேலையும் அதுக்குள்ள வரும், எழுதி வெச்சு கூட்டிப் பாருங்க.

லெக்சரர்ட ரெஃபரன்ஸ் கடிதத்த கடைசிக் கிழமையில போய் கேட்காதீங்க. அவர் பாவம் "நல்ல மாணவி" எண்டு நாலு வரி எழுதுவார், அது ஒண்டுக்கும் உதவாது. ஒரு மாசத்துக்கு முந்தியே சீவியையும் கட்டுரையையும் கையில குடுங்க.

பேர் விசயம். ஐடியில ஒரு ஸ்பெல்லிங், டிகிரியில வேற, கலியாணத்துக்குப் பிறகு எடுத்த பாஸ்போர்ட்ல புருசன்ட பேர். இத முதலே சரிப்படுத்துங்க. ஐஇஎல்டிஎஸ் எண்ட இங்கிலீஷ் சோதனை ரிசல்ட் ரெண்டு வருசம்தான் செல்லும். ஷ்லும்பெர்ஜர் ஃபெலோஷிப் விஞ்ஞானம், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் படிக்கிற பொம்பளைகளுக்குத்தான், ஆர்ட்ஸ் புள்ளைகள் அதுல மினக்கெட வேணாம்.

செவனிங் முடிச்சா ரெண்டு வருசம் நாட்டுக்குத் திரும்பி வந்து இருக்கோணும், அதால லண்டன்ல செட்டிலாகிற கனவ எழுதாம வாகரையிலயோ பொத்துவில்லயோ வந்து என்ன செய்வீங்க எண்டு எழுதுங்க.

இன்னொண்டு, கிடைச்சாப்பிறகு வீட்டில சொல்லுவம் எண்டு இருக்காதீங்க. ஒரு வருசப் படிப்பு, புருசன் புள்ளைகள்ட செலவ செவனிங் தராது, சின்னப் புள்ளைய உம்மாவோ அம்மாவோ பார்ப்பாவா எண்டுற கதைய ஃபோர்ம் நிரப்புற அண்டைக்கே கதைச்சு முடிச்சிடுங்க.