ஷாக் அப்சார்பர் போல்ட் வர மறுக்கிறதா?

பின்பக்க ஷாக் அப்சார்பரின் நட்டு கழன்றும் கீழ் போல்ட் வரவில்லையா? ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கி வைத்து, துளித்துளியாக ஏற்றி இறக்கிக்கொண்டே போல்ட்டை ஸ்பேனரால் திருப்புங்கள். ஓரிடத்தில் சட்டென்று இளகும். அங்கேயே நிறுத்தி உருவிவிடுங்கள்.

காரை ஸ்டாண்டில் நிறுத்தியதும் தொங்கும் ஆக்சிலின் எடை பெரும்பாலும் ஷாக்கில்தான் விழுகிறது. அந்த இழுவை போல்ட்டைத் துளையில் ஒரு பக்கமாக நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். ஜாக்கி எடையைத் தாங்கியதும் பிடி விட்டுப்போகும்.

புஷ்ஷின் (ஷாக்கின் முனைத் துளையில் இருக்கும் ரப்பர் உருளை) உள்குழாயோடு போல்ட் துருவேறி ஒட்டியிருந்தால் இது உதவாது. துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஓர் இரவு ஊறவிடுங்கள். அப்புறம் தட்ட வேண்டியிருந்தால், மரை நசுங்காமல் இருக்க நட்டை நுனிவரை திருகிவிட்டுத் தட்டுங்கள். நெருப்பு மட்டும் காட்டாதீர்கள், ஷாக்கின் உள்ளே அழுத்தத்தில் வாயு இருக்கலாம்.