வேப்பிங் பற்றி மாணவர்களிடம் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேப்பிங், அதாவது மின்சிகரெட் இழுப்பது, பற்றிய விழிப்புணர்வு என்றதும் பல பள்ளிகள் முதலில் எடுப்பது பயமுறுத்தும் படங்களைத்தான். கறுத்துப்போன நுரையீரல், ஆக்சிஜன் குழாயோடு படுத்திருக்கும் பையன், பின்னணியில் சோக இசை. அரங்கம் அமைதியாகிவிடும், பேசியவருக்கும் திருப்தி. ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் கையில் போன் இருக்கிறது, கேட்டதைச் சரிபார்த்துக்கொள்வார்கள் என்பதை மறந்துவிடுகிறோம்.

‘பாப்கார்ன் நுரையீரல்’ நல்ல உதாரணம். வேப் இழுத்தால் இந்த நோய் வந்துவிடும் என்று மேடையில் அடித்துச் சொல்கிறார்கள். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், மைக்ரோவேவ் பாப்கார்ன் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த எட்டுப் பேருக்கு வந்த நுரையீரல் பாதிப்பிலிருந்து வந்த பெயர் அது. வெண்ணெய் மணத்துக்காகச் சேர்க்கும் டயசெட்டில் என்ற வேதிப்பொருளை நாள் முழுக்கச் சுவாசித்தவர்கள் அவர்கள். சில வேப் திரவங்களிலும் டயசெட்டில் கண்டறியப்பட்டிருப்பது உண்மை. ஆனால் வேப்பிங் இந்த நோயைத் தருகிறது என்பது இன்னும் நிறுவப்படவில்லை. பின் பெஞ்ச் பையன் அன்று சாயங்காலமே இதைத் தேடிப் பார்த்துவிட்டால், அப்புறம் நீங்கள் நிகோடினைப் பற்றிச் சொன்ன உண்மையும் அவனிடம் எடுபடாது.

2019-இல் அமெரிக்காவில் பரவிய கடும் நுரையீரல் பாதிப்பையும் இப்படித்தான் அரைகுறையாகச் சொல்கிறார்கள். 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் பாதிக்கப்பட்டதாகப் பதிவானது. 68 மரணங்கள் உறுதியாயின. இந்த எண்களைத் தாராளமாகச் சொல்லலாம். கூடவே காரணத்தையும் சொல்லிவிட வேண்டும். கஞ்சாவின் போதைப்பொருளைச் சேர்த்து, பெரும்பாலும் முறையற்ற வழிகளில் விற்ற கார்ட்ரிட்ஜ்களில் (வேப் திரவம் அடைத்த குப்பிகளில்) கலந்திருந்த வைட்டமின் ஈ அசிடேட்தான் முக்கியக் காரணம் என்று கண்டறிந்தார்கள். இதை மறைத்துவிட்டு ‘வேப் இழுத்தால் இதுதான் கதி’ என்றால், பழச்சுவை வேப் இழுக்கும் மாணவி ‘இது எனக்கில்லை’ என்று தள்ளிவிடுவாள். கைமாறி வரும் கார்ட்ரிட்ஜுக்குள் என்ன இருக்கிறது என்பது விற்பவனுக்கே தெரியாது என்று சொன்னால், அது அவளுக்கும் பொருந்தும்.

அடுத்தது சிகரெட்டோடு ஒப்பிடுவது. ‘சிகரெட்டைவிட மோசம்’ என்பது தவறு. எரிந்து வரும் புகையில் இருக்கும் நச்சுகளில் பெரும்பகுதி வேப்பில் இல்லை, அல்லது குறைவாக இருக்கிறது. அதற்காக ‘பாதுகாப்பானது’ என்றும் சொல்ல முடியாது. உள்ளே போவது வெறும் தண்ணீர் ஆவி இல்லை. புரொப்பிலீன் கிளைகால், கிளிசரின், சுவையூட்டிகள், நிகோடின் எல்லாம் சேர்ந்த நுண்துளிகள் அவை. சூடாகும்போது ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்றவை உருவாகின்றன. சூடேற்றும் கம்பிச்சுருளிலிருந்து நிக்கல், குரோமியம் போன்ற உலோகத் துகள்களும் கலக்கலாம். பல வருடம் புகைத்த பெரியவர் சிகரெட்டை முழுவதும் விட்டு இதற்கு மாறினால் அவருக்குத் தீங்கு குறையலாம். பதிமூன்று வயதுப் பிள்ளை விட வேண்டிய சிகரெட் எதுவும் இல்லை. அந்தப் பிள்ளைக்கு வேப் புதிதாக வந்து சேரும் தீங்கு, அவ்வளவுதான். கணக்கை இப்படிப் போட்டுக் காட்டினால் மாணவர்களுக்குச் சட்டென்று புரிகிறது.

அடிமைத்தனத்தை ஒரு வரியில் முடித்துவிடுவது

என் பார்வையில் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு இதுதான். முக்கால் மணி நேரம் நுரையீரலைப் பற்றிப் பேசிவிட்டு, கடைசியில் ‘நிகோடின் அடிமைப்படுத்தும்’ என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு இறங்குகிறார்கள். நாற்பது வயதில் வரப்போகும் நோய் ஒரு மாணவனுக்கு யாரோ ஒருவருடைய பிரச்சினை. இரண்டாவது பீரியடிலேயே கணக்கில் மனம் ஓடாமல் தவிப்பது அவனுடைய பிரச்சினை.

பிள்ளைகள் ஏன் இவ்வளவு சுலபமாகச் சிக்குகிறார்கள் என்பதைச் சொல்லுங்கள். சாதாரண நிகோடின் அதிக அளவில் இருந்தால் தொண்டையைக் கரிக்கும். புதிதாக இழுப்பவர் இருமிவிட்டு வைத்துவிடுவார். பென்சாயிக் அமிலம் சேர்த்து அதை உப்பாக மாற்றினால் அந்தக் கரிப்பு குறைந்துவிடும். 2015-இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த ஜூல் என்ற வேப் பிராண்ட் இந்த வழியில்தான் 5 சதவீத நிகோடினை உறுத்தாமல் உள்ளே அனுப்பியது. அதன் ஒரு ‘பாட்’ (திரவம் அடைத்த சிறு குப்பி) ஏறக்குறைய ஒரு பாக்கெட் சிகரெட்டுக்குச் சமம் என்று அந்த நிறுவனமே சொன்னது. இழுத்த சில விநாடிகளில் நிகோடின் மூளைக்குப் போய்விடுகிறது. மூளையோ ஏறக்குறைய 25 வயது வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. இருமல் வரவில்லை என்பதால் ஒன்றும் ஆகவில்லை என்று நினைப்பதுதான் முதல் பொறி.

வகுப்பில் கட்டாயம் ஒரு கேள்வி வரும்: “வேப் இழுத்தா டென்ஷன் குறையுதுன்னு சொல்றாங்களே சார்?” ‘அதெல்லாம் பொய்’ என்று அடக்கிவிட்டால் பேச்சு அங்கேயே செத்துவிடும். இழுத்துப் பார்த்தவனுக்குக் குறைந்தது தெரியும். “குறையுது, சரி. அந்த டென்ஷன் எங்கேருந்து வந்துச்சு?” என்று திருப்பிக் கேளுங்கள். பிறகு கரும்பலகையில் ஒரு நாளைக் கோடாக வரையுங்கள். காலை 7 மணிக்கு ஒரு இழுப்பு. ரத்தத்தில் இருக்கும் நிகோடின் சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகிவிடும். 9 மணிக்குக் கால் ஆட ஆரம்பிக்கும், பக்கத்தில் இருப்பவன் பேனாவைத் தட்டினாலே எரிச்சல் வரும். 10.30 இடைவேளையில் கழிவறைக்கு ஓட்டம், இரண்டு இழுப்பு, ‘அப்பாடா’. அந்த அப்பாடா எதைத் தீர்த்தது என்று மாணவர்களையே சொல்லவிடுங்கள். யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: காலையில் இழுத்ததால் வந்த தவிப்பைத்தான்.

‘நிகோடின் இல்லை’ என்று அச்சிட்ட சாதனங்களில்கூட, பரிசோதித்தபோது நிகோடின் இருந்தது உண்டு. இதையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடலாம்.

சொல்லாமல் விட வேண்டியவை

‘இப்போதெல்லாம் எல்லாப் பிள்ளைகளும் இழுக்கிறார்கள்’ என்று பெரியவர்கள் வருத்தத்தோடு சொல்வது, கேட்கும் பிள்ளைக்கு அழைப்பாகவே போய்ச் சேர்கிறது. அது உண்மையும் இல்லை. அமெரிக்காவின் தேசியக் கணக்கெடுப்பில் 2019-இல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 27.5 சதவீதம் பேர் வேப் பயன்படுத்தினார்கள். 2024-இல் அது 7.8 சதவீதம். அலை உச்சத்தில் இருந்தபோதும் இழுக்காதவர்கள்தான் பெரும்பான்மை. இதைச் சொல்லத்தான் யாருக்கும் தோன்றுவதில்லை.

சாதனங்களைக் கையில் எடுத்துக் காட்டுவது, சுவைகளின் பட்டியல் வாசிப்பது, எங்கே ஒளித்துவைப்பார்கள் என்று விளக்குவது எல்லாம் ஆசிரியர் கூட்டத்துக்குச் சரி. மாணவர்களுக்கு வேண்டாம்.

பாடப்பொருள் எங்கிருந்து வருகிறது என்றும் பாருங்கள். ஜூல் நிறுவனத்தின் ஆள் தங்கள் பள்ளிக்கு வந்து பேசினார், அந்தச் சாதனம் பாதுகாப்பானது என்றார் என்று 2019 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் மாணவர்களே சாட்சி சொன்னார்கள். 1998-இல் பிலிப் மோரிஸ் என்ற சிகரெட் நிறுவனமும் இளைஞர்களுக்கென்று புகைத்தடுப்பு விளம்பரம் எடுத்தது. அதைப் பார்த்தவர்களிடம் புகையிலை நிறுவனங்கள் மீது நல்லெண்ணம்தான் கூடியது என்று ஆய்வு காட்டியது. 2000-இல் தொடங்கிய ‘ட்ரூத்’ என்ற அமெரிக்கப் புகைத்தடுப்பு இயக்கமோ, இந்த நிறுவனங்கள் இளைஞர்களை எப்படிக் குறிவைக்கின்றன என்பதை அம்பலப்படுத்தி நன்றாகவே வேலை செய்தது. ‘உன் உடம்பு கெடும்’ என்பதைவிட ‘உன்னை வைத்துச் சம்பாதிக்கிறார்கள்’ என்பது அந்த வயதில் சுருக்கென்று தைக்கும்.

வருடத்துக்கு ஒரு கூட்டம் போட்டு முடித்துக்கொள்வதும் வழக்கமாகிவிட்டது. அதைவிட, ‘வேண்டாம்’ சொல்வதைச் சிறு குழுக்களாகப் பழக வைக்கலாம். அறிவுரை தொனியில் எழுதிய வசனம் கொடுத்தால் சிரிப்பார்கள். “எனக்கு வேணாம்டா, நீ வா போலாம்” போல அவர்கள் வாயில் இயல்பாக வரும் ஒன்றை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும்.

பிடிபட்டவர்களைப் பள்ளியிலிருந்து இடைநீக்கம் செய்து வீட்டுக்கு அனுப்புவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத வழி. ஒரு வாரம் வீட்டில் தனியாக இருக்கும் பிள்ளை வேறு என்ன செய்யும்? சாதனத்தை வாங்கி வையுங்கள், பெற்றோரிடம் பேசுங்கள், அன்றே ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ சேர்த்துவிடுங்கள். விட நினைக்கும் மாணவருக்கு முதல் இரண்டு மூன்று நாள்தான் மிகக் கடினம். எரிச்சல், தூக்கமின்மை, கவனச்சிதறல் எல்லாம் அப்போது உச்சத்தில் இருக்கும், அடுத்த சில வாரங்களில் படிப்படியாகத் தணியும். அந்த நாட்களில் பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கு இது முன்கூட்டியே தெரிந்திருந்தால், வகுப்பில் வெடுக்கென்று பேசிய பிள்ளை இன்னொரு தண்டனையில் போய் மாட்டாது.