வயலின், பரதம், மேத் டீம்: காமன் ஆப்ல இதையெல்லாம் எப்படி எழுதுறது

அமெரிக்கால பதினொண்ணாவது படிச்சுட்டு காமன் ஆப் (நிறைய காலேஜுக்கு ஒரே ஃபார்ம்ல அப்ளை பண்றது) நிரப்பப் போற பசங்க இருக்குற நம்ம வீடுகள்ல இந்தப் பேச்சு எப்படியும் வந்துடும், "பரதம் வயலின் மேத் டீம் எல்லா இந்தியப் பசங்களும் போடுறதுதான், ஃபென்சிங் (வாள்வீச்சு) ஏதாவது சேத்து விடுங்க"ன்னு. காசு வாங்குற கன்சல்டன்ட்கள்லயே சில பேர் ஏசியன்னு ரொம்ப தெரியாம பாத்துக்கோங்கன்னு சொல்றாங்க. பயம் சும்மா வரல. ஏசியன் பசங்கள அட்மிஷன்ல ஓரவஞ்சனையா பாக்குறாங்கன்னு ஹார்வர்ட் மேல 2014ல போட்ட கேஸ்ல வெளிய வந்த கணக்குல, ஏசியன் பசங்களுக்கு படிப்புலயும் ஆக்டிவிட்டிலயும் சராசரியா நல்ல மார்க், குணத்துக்குப் போடுற பர்சனல் ரேட்டிங்ல மட்டும் கம்மி. இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, நேர்ல இன்டர்வியூ பண்ண முன்னாள் மாணவர்கள் அவ்ளோ குறைச்சுப் போடல, பெரும்பாலும் ஃபைலை மட்டும் படிச்ச அட்மிஷன் ஆஃபீஸ் ஆளுங்கதான் குறைச்சாங்க. அதனால ஃபைல்ல என்ன இருக்குன்னு பாப்போம், நம்ம கையில இருக்கறது அதுதான்.

பிடிச்சத விடாதீங்க. பன்னெண்டாவதுல புதுசா ஆரம்பிச்ச ஃபென்சிங்க பாத்தாலே தெரிஞ்சுடும்.

காமன் ஆப்ல 10 ஆக்டிவிட்டி போடலாம், ஒவ்வொண்ணுக்கும் விவரம் எழுத 150 கேரக்டர்தான், ஸ்பேஸும் சேத்து. அங்க "11 வருஷம் பரதம், அரங்கேற்றம், டிசிப்ளின் கத்துக்கிட்டேன்"னு போட்டா படிக்கிறவர் மனசுல ஏற்கனவே இருக்குற அச்சுல போய் அப்படியே உக்காந்துடும். அரங்கேற்றம்னா என்னன்னே அவருக்குத் தெரியாம இருக்கலாம், லைவ் பாட்டு மிருதங்கத்தோட தனியா ரெண்டு மணி நேரம் ஆடினேன்னு சொல்லுங்க. இல்ல "சனிக்கிழமை 6 குட்டிப் பசங்களுக்கு அடவு சொல்லித்தரேன், முதியோர் இல்லத்துல உக்காந்தே பண்ற மாதிரி அபிநயம் மாத்தி அமைச்சேன்"னு எழுதுங்க, இது ஒரு ஆளோட வேலைன்னு தெரியுது பாருங்க. டிசிப்ளின், பேஷன் (passion), லீடர்ஷிப் மாதிரி வார்த்தைய அடிச்சுட்டு அந்த இடத்துல ஒரு வினைச்சொல் போடுங்க. எழுதி முடிச்சதும் பேரை மறைச்சுட்டு ஒரு ஃப்ரெண்டுகிட்ட குடுங்க, யாருன்னு கண்டுபிடிக்க முடியலன்னா திருப்பி எழுதுங்க. எம்ஐடி மாதிரி இடத்துல 4 தான் கேப்பாங்க, அங்க ரெஸ்யூமேக்கு அழகா இருக்கறத விட உண்மையா நேரம் போட்டது எதுவோ அது போகட்டும்.

அடுத்தது ரெக்கமண்டேஷன் லெட்டர், நம்மாளுங்க கோட்டை விடுறதே இங்கதான். "அமைதியான பையன், கடின உழைப்பாளி"ன்னு டீச்சர் நல்ல மனசோடதான் எழுதுவாங்க, ஆனா அந்த ரெண்டு வரி எந்த ஏசியன் பையனுக்கும் பொருந்தும். அந்த ஹார்வர்ட் கேஸ்ல 2019ல தீர்ப்பு சொன்ன ஜட்ஜே, பர்சனல் ரேட்டிங் வித்தியாசத்துக்கு டீச்சர் கவுன்சலர் லெட்டரும் ஒரு காரணமா இருக்கலாம்னு எழுதியிருக்காங்க. டீச்சர்கிட்ட கேக்கும்போதே அவங்க க்ளாஸ்ல நடந்த மூணு சம்பவத்த ஒரு பக்கத்துல எழுதிக் குடுத்துடுங்க, க்ரூப் ப்ராஜெக்ட்ல யாரோட வாக்குவாதம் வந்துச்சு, யாரை சிரிக்க வெச்சீங்க, எந்தக் கேள்விய விடாம கேட்டீங்க, இந்த மாதிரி.

அதே கேஸ்ல 2023 ஜூன்ல வந்த சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்கு அப்புறம், என்ன இனம்னு கேக்குற ரேஸ் பாக்ஸ்ல டிக் பண்றத காலேஜ் கணக்குல எடுக்கக்கூடாது, ஆனா இனம் உங்க வாழ்க்கைய எப்படி பாதிச்சுதுன்னு எஸ்ஸேல எழுதினா படிச்சுப் பாக்கலாம்னு சீஃப் ஜஸ்டிஸ் ராபர்ட்ஸ் அதே தீர்ப்புல தெளிவா சொல்லிட்டார். "நீ ஸ்பெல்லிங் பீ (எழுத்துக்கூட்டிச் சொல்ற போட்டி) பையனா"ன்னு கேட்டவங்கள பத்தி எழுதணும்னா தாராளமா எழுதுங்க, புலம்பல் ரெண்டு வரி, நீங்க அப்புறம் என்ன பண்ணீங்கங்கறது மீதி 600 வார்த்தை.