மூட்டம், தேயிலைப் பச்சை, தகரக் கூரை: மலையகக் காட்சிகளுக்கு கமராவை அமைப்பது எப்படி?

இலங்கை மலையகத்தில் ஹப்புத்தளைப் பக்கம் இருக்கும் லிப்டன் சீட்டில் நின்று விடியற்காலை மூட்டத்தை எடுத்தால், கண்ணுக்குப் பாலாகத் தெரிந்தது படத்தில் அழுக்குச் சாம்பலாக வந்து நிற்கும். பத்து மணி வெயிலில் தேயிலை மலையை எடுத்தால் வானம் வெளுத்து, பச்சை சாயம்போன சேலைபோல் இருக்கும். இது கமராவின் விலையால் வருவதல்ல. எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம்தான் என்று நினைத்துக்கொண்டுதான் கமரா வெளிச்சத்தை அளக்கிறது. மலையகத்தில் அதன் முன்னால் இருப்பதோ வெண்மூட்டம், இல்லாவிட்டால் கரும்பச்சை. இரண்டிலும் அது ஏமாறும்.

அதனால் இந்த முறையின் அடிப்படை எளிமையானது. அமைப்புகளில் பெரும்பாலானவற்றை முதல் நாள் இரவே வைத்துவிட வேண்டும். மலையில் நிற்கும்போது பெரும்பாலும் ஒரேயொரு சில்லைத்தான் திருப்ப வேண்டும். மூட்டம் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாறும் இடத்தில் மெனுவுக்குள் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

படி 1: இரவே வைக்க வேண்டியவை

மேல் டயலை 'ஏ'யில் வையுங்கள். கெனனில் அது 'ஏவி' என்று இருக்கும். லென்ஸின் துளை அளவான அப்பெர்ச்சரை (எஃப் எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்) நீங்கள் தெரிவு செய்வீர்கள், ஷட்டர் வேகத்தைக் கமரா பார்த்துக்கொள்ளும். படத்தை 'ரோ' கோப்பாக, அதாவது கமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும் கோப்பாகச் சேமிக்கச் சொல்லுங்கள். உடனே அனுப்ப வேண்டுமென்றால் ரோவுடன் ஜேபெக்கும் சேர்த்து. மூட்டக் காட்சியில் வெளிச்ச வேறுபாடு மிகக் குறைவு, அதைப் பின்னர் கணினியில் கொஞ்சம் விரித்தெடுக்க வேண்டிவரும். ஜேபெக்கை அப்படி விரித்தால் வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். ரோ தாங்கும்.

அப்பெர்ச்சர் எஃப் 8, ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன்) 100, வைட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) 'டேலைட்'. கமராவின் திரை வெளிச்சத்தை ஒட்டோவில் விடாமல் நடுவில் நிறுத்துங்கள். இருட்டில் பிரகாசமான திரையைப் பார்த்து "வெளிச்சம் போதும்" என்று நினைத்து எடுத்தவை, வீட்டுக்கு வந்து பார்த்தால் கரிக்கட்டையாக இருக்கும். புதியவர்களின் விடியற்காலைப் படங்கள் கெடுவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

படி 2: அப்பெர்ச்சர், ஏன் எஃப் 8?

முன்னால் இருக்கும் கொழுந்தும் தூரத்து மலையும் ஒன்றாகத் தெளிவாக வர வேண்டும் என்பதற்காக எஃப் 22 வரை போகிறவர்கள் உண்டு. வேண்டாம். துளை அவ்வளவு சிறுத்தால் ஒளி அதன் விளிம்பில் சிதறி, படம் முழுவதுமே மெல்ல மங்கும். 18–55 கிட் லென்ஸ் பூட்டிய சாதாரண கமராவில் எஃப் 8 முதல் எஃப் 11 வரைதான் கூர்மை நன்றாக இருக்கும்.

கணக்கும் நமக்குச் சாதகமாக இருக்கிறது. அதே கமராவில் 18 மி.மீ., எஃப் 8 வைத்து 2 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தால், ஏறத்தாழ 1 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டாத மலை வரை எல்லாம் போதிய தெளிவோடு வரும். சென்சர் பெரிதான ஃபுல் ஃபிரேம் கமராவில் 24 மி.மீ. என்றால் ஃபோகஸ் செய்யும் தூரம் சுமார் 2½ மீட்டர். 2 மீட்டர் என்பது உங்களுக்கு அடுத்த வரிசையில் நிற்கும் தேயிலைச் செடி. அதில் ஃபோகஸ் செய்யுங்கள், வேலை முடிந்தது. செடி முகத்துக்கு முக்கால் மீட்டரில் இருந்தால் மட்டும் எஃப் 11க்குப் போய், ஃபோகஸை ஒன்றரை மீட்டருக்கு இழுங்கள்.

படி 3: ஷட்டர் வேகமும் காற்றும்

'ஏ'யில் ஷட்டர் தானாக வந்தாலும் அந்த எண்ணைப் பார்க்காமல் பொத்தானை அழுத்தாதீர்கள். எஃப் 8, ஐஎஸ்ஓ 100 இல் நல்ல வெயிலில் 1/400 விநாடி அளவில் காட்டும். வானம் மூடிக்கிடந்தால் 1/50 அளவுக்கு இறங்கும். சூரியன் வருமுன் விநாடிக் கணக்காகிவிடும்.

கையில் பிடித்து எடுப்பதானால் 18 மி.மீ.க்கு 1/30, 55க்கு 1/100, 200க்கு 1/320: இதற்குக் கீழே போகாதீர்கள். ஆனால் உங்கள் கை அசையாதது மட்டும் போதாது. ஹப்புத்தளைக் கணவாயில் வீசும் காற்றில் தேயிலையின் தண்டு நிற்கும், மேலே உள்ள கொழுந்து மட்டும் ஆடும். கமரா ட்ரைபொட்டில் பாறைபோல் இருந்தாலும் அந்த நுனிகள் மங்கும். முன்னால் செடி பெரிதாக வருமானால் 1/250 வேண்டும். தூரத்துச் சரிவு என்றால் 1/60 போதும்.

வேகம் போதவில்லையா? அப்போதுதான் ஐஎஸ்ஓவைக் கூட்டுங்கள்: 200, 400, தேவைப்பட்டால் 800. புள்ளி புள்ளியாக வரும் இரைச்சலைப் பின்னர் குறைக்கலாம், ஆடிப்போன கொழுந்தைத் திருத்த வழியே இல்லை.

ட்ரைபொட் வைத்தால் லென்ஸிலுள்ள அதிர்வுக் கட்டுப்பாட்டை அணைத்து, 2 விநாடி டைமரில் எடுங்கள். நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், காற்று முதலில் பிடித்து ஆட்டுவது அதைத்தான். சரிவில் மூன்று கால்களில் ஒன்று பள்ளத்தின் பக்கம் இருக்க வேண்டும். அதை மாற்றி வைத்ததால் கமராவோடு கவிழ்ந்த ட்ரைபொட்கள் ஏராளம்.

படி 4: மலையில் திருப்ப வேண்டிய அந்த ஒரு சில்லு

கூட்டல், கழித்தல் குறி போட்ட பொத்தான் ஒன்று பெரும்பாலும் ஷட்டர் அருகில் இருக்கும், அதை அழுத்திக்கொண்டு சில்லைத் திருப்ப வேண்டும். எக்ஸ்போஷர் கொம்பன்சேஷன் என்பது இதுதான். மலையகத்தில் வேறெந்த அமைப்பையும்விட இதுதான் படத்தை ஆக்கும், அழிக்கும்.

மூட்டம் சட்டத்தின் பாதிக்கு மேல் இருந்தால் +1, அதாவது ஒரு 'ஸ்டாப்': கமரா அளந்ததைப்போல் இரண்டு மடங்கு வெளிச்சம். எல்லாமே வெண்மையாகி ஒரு நிழல் மரம் மட்டும் தெரிகிறதென்றால் +1⅓. கமரா சாம்பலாக்க நினைத்ததை நீங்கள் வெள்ளைக்குத் திருப்பி அனுப்புகிறீர்கள், அவ்வளவுதான்.

முதிர்ந்த இலையும் நிழலும் நிறைந்த சரிவு, வானமே இல்லை என்றால் −⅓ முதல் −⅔ வரை. இல்லாவிட்டால் கமரா கரும்பச்சையைத் தூக்கி வெளிறவைக்கும். இளம் கொழுந்து மஞ்சள் கலந்து பளபளக்கும் மலைக்கு 0 சரியாக இருக்கும். கவ்வாத்து வெட்டிய மலைக்கும் அப்படியே.

மழை விட்டு வெயில் அடிக்கும்போது மட்டும் கவனம். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துத் தகரக் கூரைகள் கண்ணாடிபோல் மின்னும். சட்டத்தின் ஒரு மூலையில் இருந்தாலும் அந்தக் கூரைகள் வெந்து வெறும் வெள்ளைக் கட்டமாகிவிடும், பிறகு எதைச் செய்தும் மீட்க முடியாது. −⅔இல் தொடங்கி, தேவையென்றால் −1. மெனுவில் 'ஹைலைட் அலர்ட்'டைப் போட்டுவைத்தால், எரிந்த இடங்கள் எடுத்த படத்தில் மினுங்கிக் காட்டும். சூரிய வட்டம் மினுங்கினால் விட்டுவிடலாம். கூரையோ மேகமோ மினுங்கினால் இன்னும் ⅓ ஸ்டாப் குறைத்து மறுபடி எடுங்கள்.

ஒவ்வொரு இடத்திலும் முதல் படத்தின் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள்; இடப்புறம் கருமை, வலப்புறம் வெண்மை என்று வெளிச்சம் எங்கே எவ்வளவு என்பதைக் காட்டும் வரைபடம் அது. மூட்டத்தில் அது ஒரு குறுகிய மேடாகத்தான் இருக்கும். இரண்டு பக்கமும் விரியவில்லையே என்று பயப்பட வேண்டாம், மூட்டத்தின் இயல்பே அது. அந்த மேடு நடுவைத் தாண்டி வலப்புறம் முக்கால் தூரத்தில் இருக்க வேண்டும், வலச் சுவரில் முட்டக் கூடாது.

வானமும் பள்ளத்தாக்கும் ஒத்துவராதபோது −2, 0, +2 என்று மூன்று படம் எடுத்து இணைக்கச் சொல்வார்கள். அசையாத மலைக்கு அது சரி. மூட்டம் நகரும்போது மூன்று படத்திலும் அது மூன்று இடத்தில் இருக்கும், இணைத்தால் பேய்ப்புகைபோல் வரும். வானம் எரியாத அளவில் ஒரே ரோ படம் எடுத்து, நிழலைப் பின்னர் உயர்த்துவதே நல்லது.

படி 5: மூட்டத்தில் ஃபோகஸ் பிடிக்கவில்லையா?

லென்ஸ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும். ஒட்டோ ஃபோகஸுக்கு ஒரு விளிம்பு வேண்டும், மூட்டத்தில் விளிம்பு கிடையாது. ஒற்றைப் புள்ளியைத் தெரிவு செய்து, நிழல் மரத்தின் தண்டிலோ பாறையின் ஓரத்திலோ வைத்துப் பிடியுங்கள். பிடித்ததும் லென்ஸை 'எம்எஃப்'க்கு (கையால் ஃபோகஸ் செய்யும் முறைக்கு) மாற்றிவிடுங்கள். நின்ற இடத்தையும் ஸூமையும் மாற்றாத வரை மறுபடி தொட வேண்டாம்.

படி 6: நிறம்

ஒட்டோ வைட் பேலன்ஸ் சட்டம் நிறையப் பச்சையைக் கண்டதும் அதைச் சமன்செய்ய ஊதாவைக் கலக்கும். விடியலின் பொன்னிறத்தையும் மூட்டத்தின் நீலத்தையும் "பிழை" என்று எண்ணித் துடைத்துவிடும். டேலைட்டில் விட்டால் மலையின் நிறம் மலையினுடையதாகவே இருக்கும்.

வாங்குவதற்கு ஒரேயொரு ஃபில்டர் என்றால் அது போலரைசர்தான். நனைந்த தேயிலை இலையின் மேல் வானம் வெள்ளையாகப் பிரதிபலிக்கும், பச்சை வெளிறுவதற்குப் பாதிக் காரணம் அதுதான். போலரைசரை மெதுவாகச் சுழற்றுங்கள், ஒரு கட்டத்தில் அந்த மினுக்கம் வடிந்து பச்சை எழும்பும். சூரியன் உங்கள் தோளுக்குப் பக்கவாட்டில் இருக்கும்போது அதிகம் வேலை செய்யும். அது 1½ ஸ்டாப் அளவு வெளிச்சத்தைக் குடிக்கும் என்பதால் ஷட்டர் எண்ணை மறுபடி பாருங்கள். அகலமான லென்ஸில் நீலவானத்தை வைத்து முழுதாகச் சுழற்றினால் வானம் ஒரு பக்கம் கறுத்து ஒரு பக்கம் வெளுக்கும், பாதியில் நிறுத்துங்கள்.

நீர்வீழ்ச்சிக்கு மட்டும் தனி அமைப்பு

ட்ரைபொட், ஐஎஸ்ஓ 100, எஃப் 11, போலரைசர். மரநிழலில் இதுவே அரை விநாடி வரை தரும். தண்ணீர் நூல்நூலாக இழையும். வெயிலில் என்றால் வெளிச்சத்தைக் குறைக்கும் கருங்கண்ணாடியான என்டி ஃபில்டர், 6 ஸ்டாப் அளவில் வேண்டும்: 1/30 ஆக இருந்தது 2 விநாடியாகும். தலவாக்கலை வீதியிலிருந்து டெவோன் நீர்வீழ்ச்சியை எடுப்பதுபோல் தூரத்திலிருந்து எடுக்கும்போது ¼ விநாடி போதாது. தண்ணீர் சட்டத்துக்குள் மெதுவாக நகர்வதாகத் தெரிவதால் 1 முதல் 2 விநாடி கொடுங்கள். பக்கத்து மரம் காற்றில் ஆடினால் 1/200இல் இன்னொரு படமும் எடுத்துவைத்து, மரத்தை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

எப்போது, எங்கே?

நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்கே சூரியன் கிட்டத்தட்ட நேராக மேலே ஏறும். பொன்வெளிச்சம் சுமார் 25 நிமிடத்தில் முடிந்துவிடும். உதயம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 5.50க்கும் 6.25க்கும் இடையில், 40 நிமிடம் முன்னதாக அந்த இடத்தில் நில்லுங்கள். லிப்டன் சீட்டிலும் ஹோர்ட்டன் சமவெளியின் உலக முடிவிலும் ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் மூட்டம் மேலேறிக் காட்சியை மூடிவிடுவது வழக்கம்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கம் கொட்டும். அப்போது பண்டாரவளை, எல்ல பக்கம் போங்கள். டிசம்பரில் அந்த ஊவாப் பக்கத்தில் மழை. ஜனவரி முதல் மார்ச் வரை மேற்குச் சரிவில் தெளிவான காலைகள் கிடைக்கும்.

அந்தப் பருவத்தில் நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாதமலை ஏறுகிறவர்கள் ட்ரைபொட்டை நம்பாதீர்கள், உச்சியில் கால் வைக்கவே இடம் இருக்காது. எஃப் 4, ஐஎஸ்ஓ 1600, 1/60இல் தொடங்கி, வெளிச்சம் வர வர ஐஎஸ்ஓவை இறக்குங்கள். சூரியன் வந்ததும் எல்லாரும் கிழக்கையே எடுத்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் திரும்பி மேற்கே பாருங்கள். மலையின் நிழல் முக்கோணமாக மூட்டத்தின் மேல் விழுந்திருக்கும், சில நிமிடம்தான் நிற்கும். அதற்கு 24 மி.மீ. அளவு அகலம், எஃப் 8, −⅓.

சட்டத்துக்குள் கொழுந்து பறிப்பவர்கள் வருவார்களானால் 1/250. அதற்கு முன்னால், "அக்கா, ஒரு படம் எடுத்துக்கொள்ளவா?" என்று கேளுங்கள். கொழுந்தை நிறுக்கும் நேரத்துக்குள் அவர்களுக்கு எடை சேர வேண்டும். நின்று பார்க்கச் சொல்லி அவர்களின் வேலையை மறிக்காதீர்கள். வேண்டாம் என்றால் கமராவை இறக்கிவிடுங்கள்.

போன் மட்டும் இருந்தால்

போனின் அப்பெர்ச்சர் பெரும்பாலும் மாறாது, அதனால் படி 2ஐ மறந்துவிடலாம். திரையில் மூட்டத்தைத் தொட்டுப் பிடித்து, வரும் சூரியக் குறியை மேலே இழுங்கள்; படி 4இன் சில்லு அதுதான். கூரை மின்னினால் கீழே இழுங்கள். ப்ரோ முறை இருந்தால் வைட் பேலன்ஸை 5500இல் நிறுத்துங்கள். விரலால் ஸூம் செய்வதைவிட நாலடி முன்னால் நடப்பது மேல்.

திரும்பி வந்தபின்

குளிரில் இருந்த கமராவைச் சூடான வீட்டுக்குள்ளோ பஸ்ஸுக்குள்ளோ வந்தவுடனே பையிலிருந்து எடுத்தால் கண்ணாடி முழுக்க வியர்க்கும், உள்ளேயும் ஈரம் படியும். பையை மூடியபடி அரை மணித்தியாலம் விடுங்கள். பட்டரியும் குளிரில் சீக்கிரம் இறங்கும், மேலதிகமான ஒன்றைச் சட்டையின் உள்பையில் வைத்திருங்கள். மூட்டத்துக்குள் லென்ஸ் மாற்றாதீர்கள்.

இங்கே லென்ஸுக்கு உண்மையான எதிரி பூஞ்சணம். ஈரமான தோல் பையில் அலுமாரிக்குள் மாதக்கணக்கில் கிடந்தால், கண்ணாடிக்குள் சிலந்தி வலைபோல் படரும். வந்தவுடன் லென்ஸை உலர்ந்த துணியால் துடைத்து, காற்றுப் புகாத சாப்பாட்டுப் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். உள்ளே சிறிய ஈரப்பதமானி ஒன்று போட்டு 40 முதல் 50 வீதத்துக்குள் வைத்திருங்கள். ஜெல்லின் நிறம் மாறினால் அடுப்புச் சூட்டில் காயவைத்து மறுபடி போடலாம். பையை வெயிலில் தனியாக உலர்த்துங்கள்.